அடுத்த முறைக்காரன் மூடுவான்

முதல் அடி என் இடது காதில் விழுந்தது. மடியில் லேப்டாப் இருந்ததால் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. லேப்டாப்பைத்தான் பிடித்துக்கொண்டேன். காது அடைத்துப் போய், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் என் தலைக்குள் ஓடுவது போல் கேட்டது.

அடித்தவர் திராட்சைத் தோட்டக்காரர். காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. அந்தக் கிணற்றின் மோட்டார் ரூமில், சிமெண்ட் தரையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வலது கையில் அரிவாள் இருந்தது. அடித்தது இடது கையால். அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏலே, சிக்னல் இல்லைன்னு போன்ல சொன்னவன் நீதானடா?"

"நான் இல்லண்ணே. அன்னைக்கு போன் எடுத்தது வேற ஆளு."

"ஒங்க கடையில எத்தன பேரு இருந்தாலும் வாய் ஒண்ணுதான்டா. ரெண்டு முறை தண்ணி வரல. இன்னைக்கு மூணாவது முறை. இன்னைக்கும் என் வால்வு தெறக்கலைன்னா எங்கண்ணன வெட்டுவேன். ஒன்னைய முன்னால வச்சுத்தான் வெட்டுவேன், சாட்சிக்கு ஆள் வேணும்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளியே பந்தலில் காய்கள் பருக்கிற பருவம். இரண்டு முறை தண்ணீர் தவறியதில் இலை ஓரங்கள் கருகி, சில குலைகளில் காய் சுருங்கத் தொடங்கியிருந்ததை வரும்போதே பார்த்தேன். இன்னொரு முறை தவறினால் அந்தப் பந்தலில் பறிக்க எதுவும் இருக்காது.

அடி எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் டஸ்டரை எறிந்து புருவத்தைக் கிழித்தார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. அங்கே கூலிக்காரர்கள் தங்கும் லயத்தில் சோற்றுக்காக நடந்த சண்டையில் ஒருவன் என் விரலைக் கடித்தான். லாரியில் கிளீனராகப் போனேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் போன் ரிப்பேர் கடையில் இருந்தபோதுதான் ப்ரோகிராம் எழுதப் பழகினேன். உடைந்த போன்களுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கப் போய், அதில் கொஞ்சம் பிடி கிடைத்தது. அங்கேயும் ஒரு தகராறு. ஊர்ப்பக்கம் திரும்பி வந்து உத்தமபாளையத்தில் ஒரு பாயின் கடையில் சேர்ந்தேன். அவர் மோட்டாரையும் சொட்டுநீர் வால்வுகளையும் நேரத்துக்குத் தானாகத் திறந்து மூடுகிற பெட்டி செய்து விற்றார்.

அந்தப் பெட்டிக்கு என்று ஒரு சின்ன மொழி உண்டு. எத்தனை மணிக்கு, எந்த வால்வு, திற, மூடு. ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் சொற்கள். தோட்டக்காரர் தன் போனில் எழுதுவார், பெட்டி அதைப் படித்து நடக்கும். எழுதுவதற்கான திரையை எடிட்டர் என்போம். எழுதியதைப் படித்துப் பொருள் பிரிக்கிற பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இரண்டையும் முதலில் செய்தவர் எனக்கு முன்னால் கடையில் இருந்த எஞ்சினியர். அவர் வெளிநாடு போய்விட, வேலை என் கைக்கு வந்தது.

வந்த நாள் முதல் நான் எடிட்டரைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது எந்த வரியும் பாதியில்தான் இருக்கும். அதற்காக ஒவ்வொரு தட்டலுக்கும் திரை முழுக்கச் சிவந்தால் எழுதுகிறவர் போனை வீசிவிடுவார். வீசியும் இருக்கிறார்கள். ஆகவே பார்சர் தனக்குப் புரியாததைத் தாண்டி, அடுத்துப் புரிகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்படி செய்யப்பட்டிருந்தது. திரைக்கு அது சரி. ஆனால் அதே பார்சர்தான் பெட்டிக்குள்ளும் இருந்தது. மோட்டாரை ஓட்டுகிற இடத்தில் ஊகம் கூடாது, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று பாயிடம் சொல்லியிருந்தேன். "சீசன் முடியட்டும் தம்பி" என்றார்.

இந்த அண்ணன் தம்பிக்குப் பெட்டி வாங்க வைத்தது ஊர்ப் பெரியவர்கள். போன கோடையில் தண்ணீர் முறைக்காக இருவரும் கிணற்று மேட்டில் கட்டிப் புரண்டார்கள். அண்ணன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் தம்பிக்கு முன்பற்கள் போயின. அதன்பிறகு பேசி முடித்தார்கள். இனி இரண்டு பேரும் வால்வைக் கையால் தொடக்கூடாது. பெட்டிதான் திறக்கும், பெட்டிதான் மூடும். அவரவர் வரியை அவரவர் போனிலிருந்து மட்டும் எழுதலாம். அடுத்தவர் எழுதியதைப் பார்க்கவும் முடியாது. முகத்தில் முழிக்காமலே தண்ணீர் பாய்ச்சுவதற்கான ஏற்பாடு.

காதைத் தேய்த்துக்கொண்டு, பெட்டியில் இரண்டு பேர் வரிகளும் நேர வரிசையில் சேர்ந்திருந்த முழு ப்ரோகிராமையும் லேப்டாப்பில் திறந்தேன். தப்பு உடனே தெரிந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் மூன்று பேஸ் கரண்ட் வருகிற நேரத்தை மாற்றியிருந்தார்கள். அதனால் அண்ணன் தன் பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார். தன் வால்வைத் திற என்று எழுதியவர், மூடு என்பதை எழுதவேயில்லை.

பார்சர் என்ன செய்தது? அண்ணனுடைய 'திற'வுக்கு ஒரு 'மூடு' தேடிக்கொண்டு போனது. வழியில் தம்பியின் 'திற' வந்தது. இந்த இடத்தில் இது வரக்கூடாதே என்று அதைத் தாண்டிவிட்டது. கடைசியில் தம்பி எழுதிய 'மூடு' கிடைத்தது. 'மூடு' என்பதில் எந்த வால்வு என்று எழுதுவதில்லை, அதனால் அதை அண்ணனுடையது என்று எடுத்துக்கொண்டது. ஆக, தம்பியின் முறை முழுவதும் அண்ணனுடைய தென்னந்தோப்புக்கே போனது. பெட்டி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தென்னை மூட்டில் கூடுதலாகத் தண்ணீர் நின்றால் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

தம்பிக்கு விளக்கினேன். அவர் பாதிதான் கேட்டார்.

"அப்ப வேணும்னே எடுத்திருக்கான்."

"அப்படி இல்லண்ணே…"

"வேணும்னே எடுத்திருக்கான்டா. என் வரியைத் தொடல, அவன் வரியைத்தான் கொறச்சான். எவன் கேக்க முடியும்? பஞ்சாயத்துல என்னன்னு சொல்லுவ? அவன் தோப்பு, அவன் போனு. பல்லு போனவனுக்குத்தான் வலி." சுவரில் அரிவாளின் முதுகால் தட்டிக்கொண்டே பேசினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. "கூப்பிடு அவன. இப்ப இங்கன வரச் சொல்லு."

நான் கூப்பிடவில்லை. அவரே என் போனைப் பிடுங்கிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார். பைக்கை வரப்பில் சாய்த்துவிட்டு, வாசலில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார். தம்பியைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"என்னவாம்?"

"மூடு போடாம விட்டிருக்கீக அண்ணே. ஒரு வரி சேத்துட்டா முடிஞ்சுரும். ஒங்க போனக் குடுங்க."

"நான் எதுக்கு மூடணும்?"

"ஒங்க முறை முடியுதுல்ல?"

"முடியட்டும். முடிஞ்சா அடுத்த முறைக்காரன் வந்து மூடுவான். எங்கய்யா காலத்துலயும் அப்படித்தான், எங்க பாட்டன் காலத்துலயும் அப்படித்தான். தன் மடைய எவனாவது தானே அடைப்பானா? தானே அடைச்சா, எனக்குத் தண்ணி வேணாம்னு முறைய விட்டுக் குடுத்ததா அர்த்தம். நீ எந்த ஊருடா?"

சுற்றித் திரிந்ததில் எனக்கு எந்த ஊரின் மடை வழக்கமும் சரியாகத் தெரியாது. தம்பியைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். வெட்டுவேன் என்று நிற்கிறவர், இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாய்க்கால் காலத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அடுத்தவன் முதலில் தன் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு போய் முந்தினவன் மடையை அடைப்பான். அடைப்பது அவனுடைய உரிமை. பெட்டி வைத்த அன்று வரிகளை எழுதித் தந்தது எங்கள் கடை ஆள். அதனால்தான் அதில் 'மூடு' இருந்தது. இந்த முறை அண்ணன் தானே எழுதியபோது தனக்குத் தெரிந்த வழக்கப்படி எழுதிவிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எழுதிருங்கண்ணே" என்றேன்.

"ஒரு நாளைக்கு விட்டுக் குடுத்தா மறுநாளு கெணத்தயே கேப்பான். எழுத மாட்டேன்."

"போனத் தொட்டான்னா நானும் விடமாட்டேன்" என்றார் தம்பி. "கண்ணு முன்னாடி என்னத்தையோ தட்டிட்டுப் போயிருவான். களவாணிப்பய."

"யாரைடா களவாணிங்கற? ஓட்டவாய்ப்பயலே."

தம்பி பாய்ந்தார். அவருடைய மனைவி வெளியிலிருந்து ஓடிவந்து லுங்கியோடு சேர்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, மொத தண்ணியப் பாருய்யா! அந்தத் தம்பி என்னமோ பண்ணுதுல்ல, அது பண்ணட்டும்!" என்று கத்தினார். தம்பி முழங்கையால் ஒரு இடி இடித்தார். அந்த அம்மா உதட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

தம்பியின் முறை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பாய்க்கு போன் செய்தேன். "ரெண்டு பேரு கையிலயும் ஆயுதம் இருக்கு பாய்."

"பெட்டிய உடைச்சுட்டாகளா?"

"இன்னும் இல்ல."

"நீ பத்திரம் தம்பி. முடியாட்டி எந்திரிச்சு வந்துரு."

எழுந்து போவதற்கு வாசலில் இடமில்லை. அங்கே அண்ணன் மண்வெட்டியோடு நின்றார்.

மனிதர்கள் மாற மாட்டார்கள் என்றால் பார்சரைத்தான் மாற்ற வேண்டும். விதி ஒன்றும் பெரிதல்ல. புதிதாக ஒரு 'திற' வரும்போது முந்தைய வால்வு திறந்திருந்தால், அந்தப் புதிய 'திற'வே அதை மூடியதாகவும் எடுத்துக்கொள். அதிலும் முதலில் புதியதைத் திற, பிறகு பழையதை மூடு. வழக்கமும் அதுதான், குழாய்க்கும் அதுதான் நல்லது. இரண்டும் ஒருசேர மூடியிருந்தால் அழுத்தத்தில் குழாய் வெடிக்கும். இதைத் தவிர வேறு எது புரியாமல் போனாலும் பெட்டி இனிமேல் தாண்டிப் போகக்கூடாது. கடைசியாகச் சரியாக இருந்த ப்ரோகிராமையே ஓட்டிக்கொண்டு, இரண்டு பேர் போனுக்கும் மணி அடிக்க வேண்டும். எழுதினேன். விரல்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. அடித்தது காதில்தானே.

தோட்டக்காரர்கள் தப்பும் தவறுமாக எழுதியதை எல்லாம் நான் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அவற்றை எல்லாம் ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டியதில் ஒன்று தப்பாக ஓடியது. சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழைத்தோட்டக்காரர் எப்போதும் இரண்டு வால்வுகளை ஒன்றாகத் திறப்பார். புது விதிப்படி இரண்டாவது திறந்ததும் முதலாவது மூடிக்கொண்டது. இங்கே சரியாகிற வரி அங்கே வாழையைக் காயப் போடும்.

"என்னடா முழிக்கிற?" என்றார் தம்பி.

"இன்னொரு தோட்டத்துல தப்பாகுதுண்ணே."

"அந்தத் தோட்டக்காரன் இப்ப இங்கன நிக்கிறானா? எந்தோட்டத்தப் பாருடா!" அரிவாள் முனை என் தோள்பட்டைச் சட்டையைத் தொட்டது. குத்தவில்லை, வைத்துக்கொண்டார்.

வாழைத்தோட்டக்காரர் எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு வால்வையும் அவர் ஒரே வரியில் எழுதியிருந்தார். ஒரே வரியில் இருந்தால் கூட்டு, தனித்தனி வரியில் இருந்தால் முறை என்று வைத்தேன். எல்லாம் ஓடியது. எடிட்டரிலும் ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு 'திற'வுக்கும் கீழே இந்தத் தண்ணீர் எதுவரை, அதன்பின் யாருக்கு என்று இரண்டு போனிலும் தெரியும். அடுத்தவர் வரியை மறைத்து வைத்தால்தானே சந்தேகம் வளர்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் நான் கேட்கவில்லை.

இனி பெட்டியில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும். அணைத்தால் மோட்டார் நிற்கும்.

"ரெண்டு பேரும் கேளுங்கண்ணே. இப்ப மோட்டார் நிக்கும். கொஞ்ச நேரத்துல திரும்ப நானே போடுவேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராது."

தம்பி தலையை ஆட்டினார். பெட்டியை அணைத்தேன். மோட்டார் இறங்கி இறங்கி நின்றது. மேலேறிக்கொண்டிருந்த தண்ணீர் குழாயில் திரும்பி விழுகிற சத்தம் கிணற்றுக்குள் கேட்டது. அந்த ரூமில் அன்றைக்கு முதல்முறையாக அமைதி. அந்த அமைதியில் அண்ணன் சிரித்தார்.

"நின்னு போச்சா? நல்லா பாச்சுடா தம்பி, பந்தல் முங்கப் பாச்சு."

தம்பி, பிடித்திருந்த மனைவியையும் இழுத்துக்கொண்டு ஒரே எட்டில் போனார். தலையைப் பார்த்துத்தான் வெட்டினார். அண்ணன் கையைக் குறுக்கே கொடுத்தார். முன்னங்கையில் விழுந்தது. இளநீர் சீவுகிற சத்தம்தான், அதைவிடக் கொஞ்சம் மந்தமாக. மண்வெட்டி கீழே விழுவதற்கு முன்னால் அதன் காம்பு தம்பியின் தோளில் ஒரு தடவை இறங்கியது. ரத்தம் சுவரில் தெறித்து, சுண்ணாம்பில் ஊறி உடனே கறுத்தது. இரண்டாவது வெட்டு கதவுச் சட்டத்தில் பட்டு அரிவாள் மாட்டிக்கொண்டது. காலை வைத்து உதைத்து அதைப் பிடுங்கப் பார்த்தார்.

என் ஒரு கை லேப்டாப் மேல், ஒரு கை ஸ்டார்ட்டர் பச்சைப் பட்டன் மேல். திரையில் 'ஏறி முடிந்தது' என்று வந்தது. பட்டனை அழுத்தினேன். மோட்டார் உறுமிப் பிடித்தது. அதற்குள் தம்பி எழுதிய நேரம் தொடங்கியிருந்தது. வெளியே தம்பியின் வால்வு 'டக்' என்று திறந்தது. ஒரு நொடி கழித்து அண்ணனுடையது மூடியது. பந்தல் பக்கம் குழாய்களில் காற்று சீறிக்கொண்டு வெளியேறி, பின்னாலேயே தண்ணீர் வந்தது.

"வந்திருச்சுய்யா!" என்று அந்த அம்மா கத்தினார். "தண்ணி வந்திருச்சு, விடுய்யா பாவி!"

தம்பி அரிவாளைப் பிடித்தபடியே நின்று கேட்டார். பிறகு அதைக் கதவிலேயே விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பந்தலுக்குள் போனார்.

அந்த அம்மா துண்டை மடித்து, எலும்பு தெரிந்த இடத்தில் அமுக்கிக் கட்டினார். அண்ணனை என் பைக்கில் ஏற்றி, இன்னொரு துண்டால் என்னோடு சேர்த்து இடுப்பைக் கட்டினோம். கம்பம் ஆஸ்பத்திரி வரைக்கும் அவருடைய தாடை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் பேசினார்.

"அவனுக்குத் தண்ணி போச்சா?"

"போச்சுண்ணே."

"பெறகு எதுக்கு வெட்டுனான்?"

"வெட்டுன பெறகுதான் போச்சு."

ரத்தத்தில் என் சட்டையின் முதுகுப்புறம் நனைந்து ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கழித்து, "நான் சும்மா கேலிக்குத்தான் சொன்னேன்" என்றார்.

நரம்பு அறுந்திருக்கிறது, இரண்டு விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஏட்டு வந்தார். அண்ணன் எதையும் மறைக்கவில்லை.

"என் தம்பி வெட்டுனான். எழுதிக்கங்க. தலைக்குத்தான் ஓங்குனான், அதையும் எழுதுங்க. உள்ள போகட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா இப்பப் போகாதீக. அவன் முறை ஓடிக்கிட்டு இருக்கு. முடிஞ்ச பெறகு பிடிச்சுக்கங்க" என்றார்.

"யோவ், நான் என்ன ஒங்க தோட்டத்துக்குத் தண்ணி பாச்ச வந்தவனா?"

"காய் பருக்குற நேரம் ஐயா. இப்ப நீங்க போயி ஓடுறவன வெரட்டுனா குழாய மிதிச்சு ஒடப்பீக. ரெண்டு முறை எந்தோப்புக்குத்தான் போயிருக்கு. இதையாவது பாயவிடுங்க."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் சாட்சி என்பதால் ஜீப்பில் ஏறச் சொன்னார். போகிற வழியில் பெட்டியைப் பற்றிக் கேட்டார். பார்சரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "வெட்டுனது பெட்டியா, அவனா?" என்றார். அவர்தான் என்றேன். "அப்ப அதோட நிறுத்து."

தம்பி ஓடவில்லை. பந்தலுக்கு நடுவில், ஈரம் பரவுகிற மண்ணில் உட்கார்ந்து சொட்டுக் குழாயின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்திருந்ததை நகத்தால் தட்டிவிட்டார். மண்வெட்டிக் காம்பு பட்ட தோள் வீங்கி, ஒரு கை மேலே எழவில்லை. ஜீப்பைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஏட்டு வரப்பில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டார். கதவில் மாட்டியிருந்த அரிவாளைக் காகிதம் சுற்றி எடுத்து ஜீப்பில் வைத்தார். திரும்பி வந்து மறுபடியும் நின்றார். அந்த அம்மா அவருக்கு ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய உதடும் வீங்கியிருந்தது. ஏட்டு வாங்கிக் குடித்தார்.

வெயில் மலைப் பக்கம் சாய்ந்தபோது மோட்டார் நின்றது. குழாயில் கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"முடிஞ்சுதா?" என்று ஏட்டு என்னிடம் கேட்டார்.

"முடிஞ்சுது."

தம்பி எழுந்து, தொட்டியில் காலைக் கழுவிவிட்டு வந்து ஜீப்பில் ஏறினார்.